லொரெட்டா லின்: பாடல் வாழ்க்கை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லொரெட்டா லின் யார்?

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து மலைப்பகுதியில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் எட்டுப் பிள்ளைகளில் இரண்டாமவராக 1932 ஏப்ரல் 14 அன்று பிறந்தவர். 1960இல் முதல் இசைத்தட்டையும் 2021இல் கடைசி இசைத்தொகுப்பையும் வெளியிட்ட கன்ட்ரி இசைப் பாடகி, பாடலாசிரியர். 2022 அக்டோபர் 4 அன்று, டென்னசி மாநிலத்தில் இருந்த தமது வீட்டில், 90ஆம் வயதில் காலமானார்.

அவரைப் பாடகியாகவே பெரும்பாலோர் நினைவுகூர்கிறார்கள். ஒளிவுமறைவில்லாத அந்தக் குரலைக் கேட்டவர்கள் அப்படி நினைவுகூர்வதில் வியப்பில்லை. ஆனாலும், திருமணமான பெண்கள் அடுப்படியிலும் கொல்லைப்புறத்திலும் தமக்குள் பேசிக்கொண்டதை, அதே சொற்களில், வானொலியில் ஒலிக்கும் பாட்டாக எழுதிக்காட்டியதே அவருடைய பெரிய சாதனை என்று நான் கருதுகிறேன். ஆகவே இங்குள்ள விடைகளில் பாட்டெழுதும் லொரெட்டாவுக்கே கூடுதல் இடம் தந்திருக்கிறேன்.

கன்ட்ரி இசை என்றால் நாட்டுப்புற இசைதானே?

அதன் வேர் நாட்டுப்புற இசையில் இருப்பது உண்மை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகிய நாடுகளிலிருந்து அப்பலேச்சிய மலைகளில் குடியேறியவர்களின் கதைப்பாடல்களும் ஃபிடில் வாசிப்பும், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் வழியாக வந்த பான்ஜோ என்னும் நரம்பு வாத்தியமும், தேவாலயப் பாடல்களும் ஒன்றோடொன்று கலந்து உருவானது அது. ஆனால் 1920களில் இசைத்தட்டு நிறுவனங்களும் வானொலி நிலையங்களும் அதைப் பதிவுசெய்து பரப்பத் தொடங்கிய பிறகு, எழுதியவர் பெயரும் உரிமைத்தொகையும் விற்பனைப் பட்டியலும் கொண்ட வணிக இசையாக அது மாறிவிட்டது. எனவே அதை 'நாட்டுப்புற இசை' என்று மொழிபெயர்ப்பது குழப்பத்தையே தரும். இங்கே கன்ட்ரி இசை என்றே எழுதுகிறேன்.

அந்த இசையின் தலைநகரம் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில். அந்நகரின் டபிள்யூ.எஸ்.எம். வானொலி 1925இல் தொடங்கி, பின்னாளில் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்று பெயர்பெற்ற சனிக்கிழமை இரவு நிகழ்ச்சியில் ஒருமுறை பாடிவிட வேண்டும் என்பது எந்தக் கன்ட்ரி பாடகருக்கும் இருந்த கனவு.

அவர் பிறந்த ஊர் எப்படிப்பட்டது?

இரண்டு மலைச்சரிவுகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் பள்ளத்தாக்கை அப்பகுதியினர் 'ஹாலர்' என்பார்கள். லொரெட்டா பிறந்தது புட்சர் ஹாலர் என்னும் அத்தகைய இடத்தில். அதை அடுத்திருந்த வேன் லியர், நிலக்கரி நிறுவனம் ஒன்று தன் தொழிலாளர்களுக்காக உருவாக்கிய சுரங்க ஊர். தந்தை டெட் வெப் அந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்ததோடு, மலைச்சரிவில் மக்காச்சோளமும் பயிரிட்டார்.

வீட்டில் பேட்டரியில் ஓடும் வானொலிப் பெட்டி ஒன்று வந்து சேர்ந்தபோது லொரெட்டா சிறுமி. சனிக்கிழமை இரவு ஆப்ரி நிகழ்ச்சியைக் கேட்பதற்காகப் பேட்டரியை மிச்சம்பிடித்து வைத்த வீடு அது. தம்பி தங்கைகளைத் தாலாட்டித் தூங்கவைத்ததே தமது முதல் பாட்டுப் பயிற்சி என்று அவர் சொல்லியிருக்கிறார். மகள் பாடகியாவதைப் பார்க்கத் தந்தைக்குக் கொடுத்துவைக்கவில்லை. முதல் இசைத்தட்டு வெளிவருவதற்கு முந்தைய ஆண்டான 1959இல் அவர் இறந்துவிட்டார்.

திருமணத்தின்போது அவருக்கு வயது பதின்மூன்றா, பதினைந்தா?

பதினைந்து. பல ஆண்டுகளாக அவரே தமது வயதைக் குறைத்துச் சொல்லிவந்ததால், பதின்மூன்று என்ற செய்தி அவருடைய தன்வரலாற்றுப் புத்தகத்திலும் அதை வைத்து எடுத்த திரைப்படத்திலும் இடம்பிடித்துவிட்டது. 2012இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அவருடைய பிறப்புச் சான்றைத் தேடியெடுத்து, பிறந்த ஆண்டு 1932 என்று வெளியிட்டது. ஆலிவர் லின்னை அவர் மணந்தது 1948 ஜனவரி 10 அன்று. பதினாறு நிறைய இன்னும் மூன்று மாதம் இருந்தது.

வயதைத் திருத்திக்கொள்வதால் அவர் பட்ட பாடு எதுவும் சிறிதாகிவிடாது. திருமணமான சில மாதங்களில், கருவுற்றிருந்த நிலையில், நாட்டின் மறுகோடியான வாஷிங்டன் மாநிலத்துக்குக் கணவருடன் போனார். கனடா எல்லையருகே இருக்கும் கஸ்டர் என்ற சிற்றூரில் குடியேறி, இருபது வயதைத் தாண்டியபோது நான்கு குழந்தைகளுக்குத் தாயாகியிருந்தார்.

இசைக்கு எப்போது வந்தார்? யாரிடம் கற்றார்?

யாரிடமும் கற்கவில்லை. வீட்டுவேலைக்கு நடுவே அவர் பாடுவதைக் கேட்டு, இந்தக் குரலுக்கு மதிப்பு உண்டு என்று கண்டுகொண்டவர் கணவர். 1953இல் 17 டாலருக்கு ஹார்மனி நிறுவனத்துக் கிதார் ஒன்றை அவர் வாங்கிவந்து கொடுத்தார். குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே அதைத் தாமாக மீட்டிப் பழகிய லொரெட்டா, அடுத்த சில ஆண்டுகளில் பாட்டெழுதவும் தொடங்கினார். பிறகு, தம்பி ஜே லீ வெப் உள்ளிட்ட சிறு குழு ஒன்றைச் சேர்த்துக்கொண்டு உள்ளூர் மதுக்கூடங்களிலும் கூட்டங்களிலும் பாடினார்.

டகோமா நகரில், பின்னாளில் கன்ட்ரி பாடகராகப் பெரும்புகழ் பெற்ற பக் ஓவன்ஸ் நடத்திவந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் பாடியதை, மரத்தொழிலில் பொருளீட்டியிருந்த நார்ம் பர்லி என்ற கனடியர் பார்த்தார். வான்கூவரில் இயங்கிய ஜீரோ ரெகார்ட்ஸ் என்னும் சிறு நிறுவனத்தின் பின்னால் இருந்தவர் அவர். முதல் ஒலிப்பதிவு 1960இல் ஹாலிவுட்டில் நடந்தது.

ஒரு சிறிய நிறுவனத்தின் இசைத்தட்டு எப்படி நாடெங்கும் ஒலித்தது?

அவருடைய வாழ்க்கையில் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கும் பகுதி இது. பாட்டின் பெயர் 'ஹாங்கி டாங்க் கேர்ள்'. ஹாங்கி டாங்க் என்பது பாட்டும் நடனமும் உள்ள மலிவான மதுக்கூடம். அப்படி ஓரிடத்தில் பெண் ஒருத்தி தனியே உட்கார்ந்து, குடித்தபடி அழுதுகொண்டிருந்ததைப் பார்த்து எழுதியதாக லொரெட்டா கூறியிருக்கிறார். பாட்டை எழுதியது அவரே, பாடியதும் அவரே.

விளம்பரத்துக்கு நிறுவனத்திடம் பணமில்லை. எனவே கணவனும் மனைவியும் இசைத்தட்டுகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, வழியில் தென்படும் வானொலி நிலையங்களில் எல்லாம் நிறுத்தினார்கள். ஒலிபரப்புக் கோபுரம் கண்ணில் பட்டால் வண்டியை அந்தப் பக்கம் திருப்புவது, உள்ளே போய் நிகழ்ச்சி நடத்துபவரைச் சந்திப்பது, ஒருமுறை ஒலிபரப்பும்படி கேட்டுக்கொள்வது, அடுத்த ஊருக்குக் கிளம்புவது என்று அந்தப் பயணம் நீண்டது. இரவில் காரிலேயே தூங்கினார்கள். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் மலிவான இறைச்சித்துண்டும்தான் சாப்பாடு. அந்தக் காலத்தில் எந்தத் தட்டைச் சுழலவிடுவது என்பதை ஒவ்வொரு நிலையத்திலும் இருந்தவர்கள் தாங்களாகவே முடிவுசெய்ய முடிந்ததால்தான் இந்த முயற்சி பலித்தது. எந்தப் பின்புலமும் இல்லாத அந்தப் பாட்டு, பாடல்களைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்டு இதழின் கன்ட்ரி பட்டியலில் 14ஆம் இடத்தைப் பிடித்தது. அதே 1960 அக்டோபரில் லொரெட்டா ஆப்ரி மேடையில் முதன்முறையாகப் பாடினார். 1962இல் அதன் உறுப்பினரானார்.

நாஷ்வில்லில் அவருக்குக் கைகொடுத்தவர்கள் யார்?

மூன்று பெயர்களைச் சொல்லியாக வேண்டும். முதலில் டெடி, டாயில் என்ற வில்பர்ன் சகோதரர்கள். பாடகர்களான இவர்கள் பாடல் உரிமை நிறுவனமும் நடத்தினார்கள். லொரெட்டா மாதிரிக்குப் பாடிய ஒரு பாட்டை டெக்கா என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் தயாரிப்பாளர் ஓவன் பிராட்லியிடம் அவர்கள் கொண்டுபோனபோது, பாட்டு பிராட்லிக்குப் பிடித்துவிட்டது. அதை பிரெண்டா லீ என்ற பாடகிக்குக் கேட்டார். ஆனால் பாடியவரின் குரல் கிட்டி வெல்ஸ் என்ற மூத்த பாடகியின் குரலைப் போலவே இருக்கிறது என்று தயங்கினார். பாட்டு வேண்டுமானால் இந்தப் பெண்ணையும் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள் என்று சகோதரர்கள் உறுதியாக நின்றார்கள். இப்படித்தான் 1961இல் டெக்காவின் கதவு திறந்தது.

இரண்டாமவர் அந்த பிராட்லியேதான். தயங்கியபடி ஏற்றுக்கொண்டவர், பின்னர் லொரெட்டாவின் புகழ்பெற்ற பாடல்களை எல்லாம் தயாரித்தார். மலைநாட்டு உச்சரிப்பை மெருகேற்றிக் கெடுக்காமல், வாத்தியங்களை அடக்கி வாசிக்கவைத்துக் குரலுக்கு வழிவிட்ட அவருடைய பொறுமைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

மூன்றாமவர் பாடகி பாட்சி கிளைன். 1961 ஜூனில் நடந்த கார் விபத்தில் படுகாயமடைந்து அவர் மருத்துவமனையில் இருந்தபோது, நாஷ்வில்லில் பாடகர் எர்னஸ்ட் டப் நடத்திவந்த இசைத்தட்டுக் கடையிலிருந்து ஒலிபரப்பாகும் நள்ளிரவு நிகழ்ச்சியில், அவருக்குச் சமர்ப்பணமாக அவர் பாடலையே லொரெட்டா பாடினார். படுக்கையில் இருந்தபடி வானொலியில் அதைக் கேட்ட பாட்சி, அந்தப் பெண்ணை அழைத்துவரச் சொல்லித் தம் கணவரை அனுப்பினார். அன்று தொடங்கிய நட்பில், எப்படி உடுத்துவது, மேடையில் எப்படி நிற்பது, வரவேண்டிய பணத்தை எப்படிக் கேட்டு வாங்குவது என்று ஓர் அக்காவைப் போல பாட்சி சொல்லிக்கொடுத்தார். 1963 மார்ச் 5 அன்று விமான விபத்தில் பாட்சி இறந்தார். அடுத்த ஆண்டு பிறந்த இரட்டைப் பெண்களில் ஒருத்திக்கு லொரெட்டா வைத்த பெயர் பாட்சி.

அவர் எப்படிப் பாட்டெழுதினார்?

ஒரு நிகழ்வைச் சொன்னால் விளங்கும். நிகழ்ச்சி ஒன்றுக்கு முன்னால் மேடைக்குப் பின்புறம் பெண் ஒருத்தி அழுதபடி வந்து, தன் கணவன் வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான் என்று முறையிட்டிருக்கிறாள். திரையை விலக்கி அந்த மற்றொருத்தியைப் பார்த்த லொரெட்டா, உன் கணவனை உன்னிடமிருந்து பறிக்கும் அளவுக்கு அவளிடம் பெண்மையில்லை என்று ஆறுதல் சொன்னார். சொன்ன வாக்கியமே பாட்டாகும் என்று தோன்ற, உடைமாற்றும் அறைக்குத் திரும்பிச் சில நிமிடங்களில் எழுதி முடித்தார். 1966இல் வெளிவந்து பட்டியலில் இரண்டாம் இடம் வரை போன 'யூ ஏயின்ட் வுமன் இனஃப்' அப்படிப் பிறந்தது.

அவர் பாட்டுகளில் பெரும்பாலும் யாரையோ நேருக்கு நேர் பார்த்துப் பேசுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். 1967இல் அவருக்கு முதன்முறையாக முதலிடம் பெற்றுத்தந்த 'டோன்ட் கம் ஹோம் எ-ட்ரிங்கின்', குடித்துவிட்டு நள்ளிரவில் வந்து மனைவியை நெருங்கும் கணவனிடம் பேசுகிறது. அதைத் தங்கை பெகி சூவுடன் சேர்ந்து எழுதினார். 1968இன் 'ஃபிஸ்ட் சிட்டி' கணவனை வளைக்கப் பார்க்கும் பெண்ணிடம், ஒதுங்கிப் போ, இல்லாவிட்டால் முடியைப் பிடித்து இழுப்பேன் என்று எச்சரிக்கிறது. அதே மூச்சில், என் கணவனும் உத்தமன் என்று நான் சொல்லவரவில்லை என்று ஒப்புக்கொள்கிறது. இந்த ஒப்புதல்தான் லொரெட்டாவின் கைவண்ணம். வீட்டுக்கு வீடு வாசற்படி என்று எல்லோரும் அறிந்து, யாரும் மேடையில் சொல்லாமல் வைத்திருந்ததை அவர் பாட்டின் நடுவிலேயே போட்டு உடைத்தார்.

அவருக்கு முன்பும் பெண் குரல்கள் இருந்தன. 1952இல் கிட்டி வெல்ஸ், பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் தனித்து முதலிடம் பிடித்த முதல் பெண்ணானார். ஆனால் அந்தப் பாட்டை எழுதியவர் ஓர் ஆண். மனைவியின் சொல்லை மனைவியே எழுதிப் பாடியதால் வந்த உரம் லொரெட்டாவின் பாட்டுகளில் தெரிகிறது. வீட்டுச் சண்டையோடு அவர் நின்றுவிடவுமில்லை. வியட்நாம் போர் தீவிரமான 1966இல் வெளிவந்த 'டியர் அங்கிள் சாம்', போருக்கு அனுப்பப்பட்ட கணவனைத் திருப்பிக் கேட்டு ஒரு மனைவி அரசுக்கு எழுதும் கடிதம். கணவன் இறந்த செய்தியோடு முடிகிறது. போர் சரியா தவறா என்ற வாதத்துக்குள் அவர் போகவில்லை. உங்களுக்கு அவர் தேவைதான், எனக்கு அதைவிடத் தேவை என்று மட்டும் சொல்கிறார்.

'கோல் மைனர்ஸ் டாட்டர்' பாட்டில் அப்படி என்ன சிறப்பு?

1969இல் பதிவாகி, 1970இல் வெளிவந்து முதலிடம் பெற்ற இந்தப் பாட்டின் தலைப்புக்கு 'நிலக்கரித் தொழிலாளியின் மகள்' என்று பொருள். அது முழுக்கத் தன்வரலாறு. சுரங்கத்திலும் வயலிலுமாக இரவுபகலாக உழைக்கும் தந்தை, துணி துவைக்கும் பலகையில் தேய்த்துத் தேய்த்து விரல்களில் இரத்தம் கசியும் தாய், மண்ணெண்ணெய் விளக்கில் அவர் வாசிக்கும் விவிலியம், கோடையில் வெறுங்கால், குளிர்காலத்துக்கு மட்டும் ஒரு பன்றியை விற்ற காசில் தபால்வழிக் கடையிலிருந்து வரும் புதுக் காலணி என்று பொருள்களையும் வேலைகளையும் மட்டுமே அடுக்கிக்கொண்டு போகிறார். தாம் வருந்தியதாகவோ ஏங்கியதாகவோ எங்கும் சொல்வதில்லை. கடைசியில், பழைய வீட்டில் தரையைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை என்று வரும்போது கேட்பவர் நெஞ்சு அடைத்துக்கொள்கிறது.

யாப்பில் ஆர்வமுள்ளவர்கள் அதன் தொடக்கத்தைக் கூர்ந்து கேட்கலாம். 'டாட்டர்', 'ஹாலர்', 'டாலர்' என்று அடிகளின் ஈறு ஒன்றுகிறது. நமது இலக்கணத்தில் இயைபு என்போமே, அதுதான். எழுத்து வழக்கில் அந்தப் பள்ளத்தாக்கின் பெயர் 'ஹாலோ' என்றே முடியும். மலைநாட்டுப் பேச்சில் 'ஹாலர்' என்று ஒலிப்பதால் மட்டுமே ஏழைத் தகப்பன் சம்பாதித்த 'டாலர்' அதனோடு பொருந்துகிறது. திருத்தமான ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் இந்தப் பாட்டுக்கு இயைபே அமைந்திருக்காது. தமது பேச்சுமொழியைக் குறையாக நினைக்காமல், அதையே பாட்டின் அடித்தளமாக வைத்துக் கட்டியிருக்கிறார்.

முதலில் எழுதியபோது பாட்டு இன்னும் நீளமாக இருந்தது. மிக நீண்டுவிட்டது என்று பிராட்லி சொன்னதால் சில பகுதிகளை லொரெட்டா வெட்டினார். வெட்டியதைப் பாதுகாத்து வைக்கவில்லையே என்ற வருத்தம் அவருக்குப் பிற்காலத்தில் இருந்தது.

வானொலி நிலையங்கள் அவருடைய பாட்டுகளைத் தடைசெய்தது உண்மையா?

உண்மை. அதிகம் பேசப்படுவது 1975இல் வெளிவந்த 'தி பில்'. கருத்தடை மாத்திரையைப் பற்றிய பாட்டு இது. ஆண்டுதோறும் பிள்ளை பெற்றுக் களைத்த மனைவி, தன்னை அடைகாக்கும் கோழியாகவும் ஓயாமல் பயன்படுத்தப்பட்ட குஞ்சுபொரிக்கும் பெட்டியாகவும் சொல்லி, இனி அது நடக்காது என்று கணவனிடம் அறிவிக்கிறாள். 1972இலேயே பதிவான பாட்டை நிறுவனம் மூன்று ஆண்டுகள் வெளியிடாமல் வைத்திருந்தது. வெளிவந்தபோது பல நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. அப்படியும் கன்ட்ரி பட்டியலில் ஐந்தாம் இடம் வரை வந்தது.

அந்த மாத்திரைக்கு அமெரிக்காவில் 1960இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. ஆனாலும் மருத்துவரின் துண்டறிக்கை எட்டாத மலைக்கிராமங்களுக்கு அதைப் பற்றிய செய்தியை இந்தப் பாட்டு கொண்டுசேர்த்தது என்று கிராமத்து மருத்துவர்கள் தம்மிடம் கூறியதாக லொரெட்டா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆறு பிள்ளைகளைப் பெற்றவர் என்பதால் அந்தப் பாட்டில் ஒலித்த எரிச்சலை யாராலும் நடிப்பு என்று ஒதுக்கித் தள்ள முடியவில்லை.

இங்கே ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. பலரும் நினைப்பதுபோல் 'தி பில்' லொரெட்டா எழுதிய பாட்டு அன்று. லோரீன் ஆலன், டான் மெக்ஹேன், டி.டி. பெய்லெஸ் ஆகியோர் பெயரில் உள்ளது. பிள்ளைச் சுமையைப் பற்றிய மற்றொரு பாட்டான 'ஒன்ஸ் ஆன் தி வே'யை எழுதியவரும் ஷெல் சில்வர்ஸ்டீன் என்ற ஆண் கவிஞரே. மாறாக, மணமுறிவு பெற்ற பெண்ணை ஊர் எந்தக் கண்ணால் பார்க்கிறது என்று சாடி, 1973இல் முதலிடம் பிடித்த 'ரேட்டட் எக்ஸ்' லொரெட்டாவே எழுதியது.

அப்படியானால் அவர் பெண்ணியவாதியா?

அந்தப் பெயரை அவர் விரும்பி ஏற்கவில்லை. பெண் விடுதலை இயக்கத்தின்மேல் தமக்குப் பெரிய ஈடுபாடில்லை என்றும், ஆனால் பெண்களுக்கு உரிய மரியாதை கிடைக்க அது உதவக்கூடும் என்றும் தன்வரலாற்றில் எழுதினார். அவருடைய பெயரை இயக்கத்தோடு சேர்ப்பதா வேண்டாமா என்று வாதிடுவதைவிட, அந்தப் பாட்டுகளைக் கேட்ட பெண்கள் எத்தகைய வீடுகளில் இருந்து கேட்டார்கள் என்று யோசிப்பது பயனுள்ளது.

கணவரோடு அவர் வாழ்ந்த வாழ்க்கை எப்படி இருந்தது?

கடினமான கேள்வி. ஆலிவர் லின்னை ஊரார் 'மூனி' என்றார்கள். 'மூன்ஷைன்' எனப்படும் கள்ளச்சாராயத்தைக் கடத்திய இளமைக்காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. லொரெட்டா 'டூ' என்று அழைத்தார். குடியும் வேறு பெண்களின் தொடர்பும் அவரிடம் இருந்தன. சண்டையில் கைகலப்பும் நடந்தது. அவர் ஓர் அடி அடித்தால் தாம் இரண்டாகத் திருப்பிக் கொடுத்ததாக லொரெட்டா மறைக்காமல் சொன்னார். அதே மனிதர்தான் கிதார் வாங்கித் தந்தவர்; மனைவிக்கே இல்லாத நம்பிக்கையை அவள்மீது வைத்தவர்; காரை ஓட்டிக்கொண்டு ஊர்ஊராகப் போனவர். அவர் இல்லாவிட்டால் தமக்கு இசை வாழ்க்கையே இருந்திருக்காது என்பதையும் லொரெட்டா எந்நாளும் மறுக்கவில்லை. 1996இல் ஆலிவர் இறக்கும்வரை, ஏறக்குறைய நாற்பத்தெட்டு ஆண்டுகள் அந்த மணவாழ்க்கை நீடித்தது. அதைக் காதல் கதையாக மெழுகுவதும் சரியில்லை, வெறும் கொடுமையாகச் சுருக்குவதும் சரியில்லை என்பது என் எண்ணம். அவருடைய பாட்டுகள் இந்த இரண்டையும் ஒருசேரச் சொல்கின்றன.

கான்வே ட்விட்டி அவருடைய கணவரா?

இல்லை. இசைக்கூட்டாளி, நெருங்கிய நண்பர். இணைப்பாடல்களில் இருவர் குரலும் அவ்வளவு இயல்பாகப் பின்னிக்கொண்டதால் இரசிகர்கள் பலர் அப்படி நினைத்துவிட்டார்கள். 1971 முதல் 1975 வரை இருவரும் சேர்ந்து பாடிய ஐந்து பாட்டுகள் அடுத்தடுத்து முதலிடம் பெற்றன. முதலாவதான 'ஆஃப்டர் தி ஃபயர் இஸ் கான்' கிராமி விருது பெற்றது. 1993இல் கான்வே திடீரென நோயுற்று இறந்த மருத்துவமனையில், இதய அறுவைசிகிச்சை செய்துகொண்ட கணவரைக் கவனித்துக்கொண்டு லொரெட்டாவும் இருந்தார் என்பது வருந்தத்தக்க தற்செயல்.

பாடகி கிரிஸ்டல் கேல் அவருக்கு உறவா?

உடன்பிறந்த கடைசித் தங்கை. பத்தொன்பது வயது இளையவர். இயற்பெயர் பிரெண்டா. டெக்காவில் ஏற்கெனவே ஒரு பிரெண்டா இருந்ததால் பெயரை மாற்றிவைத்தவர் லொரெட்டா. என்னைப் போலப் பாடாதே, உனக்கென்று ஒரு பாணியைத் தேடிக்கொள் என்று அவர் சொன்ன அறிவுரையைத் தங்கை கடைப்பிடித்தார்.

1970களின் நடுவில் அவர் பாட்டெழுதுவது ஏன் குறைந்தது?

புகழின் உச்சியில், எழுதும் ஆற்றல் முதிர்ந்த வேளையில் இது நேர்ந்தது என்பதால் எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது. தொடக்கத்தில் உதவிய வில்பர்ன் சகோதரர்களின் 'ஷூர்-ஃபயர்' என்ற உரிமை நிறுவனத்தோடு, தாம் எழுதும் பாடல்களின் வெளியீட்டு உரிமையை ஒப்படைக்கும் நீண்டகால ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட்டிருந்தார். 1970களின் தொடக்கத்தில் அவர்களை விட்டு விலகியபோது விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. பாடல் உரிமைகள் அவர் கைக்கு வரவில்லை.

கன்ட்ரி இசையில் பாட்டுக்கு இரண்டு வருமானங்கள் உண்டு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பாடியதற்கு ஒரு பங்கு கிடைக்கும். எழுதியதற்கும் அதை வெளியிட்டதற்கும் கிடைக்கும் தொகை தனி. யார் பாடினாலும், எப்போது ஒலிபரப்பினாலும் அது வந்துகொண்டிருக்கும். இந்த இரண்டாவதில் வெளியீட்டாளரின் பங்கு பெரியது. எழுதுகின்ற ஒவ்வொரு பாட்டும் தாம் பிரிந்துவந்தவர்களுக்கே பயன்படும் என்ற நிலையில், லொரெட்டா எழுதுவதைப் பெருமளவு நிறுத்திவிட்டு மற்றவர்கள் எழுதியதைப் பாடினார். அந்த ஆண்டுகளிலும் முதலிடங்கள் வந்தன. ஆனால் முகத்துக்கு நேரே பேசும் அந்தப் பழைய குரல் அவற்றில் அரிதாகவே கேட்கிறது.

திரைப்படத்தில் வருவதெல்லாம் உண்மைதானா?

1976இல் வெளிவந்த 'கோல் மைனர்ஸ் டாட்டர்' என்ற தன்வரலாற்றை வைத்து, அதே பெயரில், மைக்கேல் ஆப்டெட் 1980இல் இயக்கிய படம் அது. தம் வேடத்துக்கு சிஸ்ஸி ஸ்பேசெக்கைப் புகைப்படம் பார்த்துத் தேர்ந்தவர் லொரெட்டாதான். சிஸ்ஸி பாட்டுகளையும் தாமே பாடி, சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றார். திருமண வயது போன்ற சில விவரங்கள் மாறியிருந்தாலும், சுரங்க ஊரின் நிறமும் பேச்சும் படத்தில் நன்றாகவே பதிவாகியிருக்கின்றன.

பெற்ற முக்கிய விருதுகள் யாவை?

1972இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் 'ஆண்டின் சிறந்த கலைஞர்' விருதைப் பெற்ற முதல் பெண் அவரே. 1988இல் கன்ட்ரி இசைப் புகழ்மண்டபத்திலும் 2008இல் பாடலாசிரியர்களுக்கான புகழ்மண்டபத்திலும் இடம்பெற்றார். 2013இல் அதிபர் ஒபாமா, நாட்டின் உயரிய குடிமக்கள் விருதான சுதந்திரப் பதக்கத்தை அணிவித்தார். பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் அவர் பெற்ற முதலிடங்கள் 16. தனித்துப் பாடியவை 11, கான்வேயுடன் பாடியவை 5.

ராக் இசைக்கலைஞர் ஜாக் வைட்டோடு அவர் சேர்ந்தது எப்படி?

ஜாக் வைட் அவருடைய தீவிர இரசிகர். தமது 'தி வைட் ஸ்ட்ரைப்ஸ்' குழுவின் 2001ஆம் ஆண்டுத் தொகுப்பை லொரெட்டாவுக்குச் சமர்ப்பித்திருந்தார். அந்த அறிமுகம் வளர்ந்து, 2004இல் 'வேன் லியர் ரோஸ்' தொகுப்பாக விளைந்தது. லொரெட்டாவுக்கு அப்போது வயது 72. ஜாக்குக்கு முப்பதுகூட நிரம்பவில்லை. பழைய முறையில், அதிக மெருகில்லாமல், விரைவாகப் பதிவுசெய்த அந்தத் தொகுப்புக்கு இரண்டு கிராமி விருதுகள் கிடைத்தன.

விருதைவிட முக்கியமானது, அதிலுள்ள பாட்டுகளின் எழுத்தில் லொரெட்டாவின் கை இருந்தது என்பது. எழுதாமல் தேக்கிவைத்திருந்தவை திரும்பி வந்தன. 1984இல் ஆற்றில் மூழ்கி இறந்த மூத்த மகன் ஜாக் பென்னியையும், கணவரையும் பறிகொடுத்த பிறகு எழுதிய பாட்டுகளில் ஒரு தனிமை ஒலிக்கிறது. ஆனால் பழைய துடுக்கும் குறையவில்லை.

கடைசி ஆண்டுகளில் எங்கே வாழ்ந்தார்?

1966இல் கணவரோடு வாங்கிய ஹரிக்கேன் மில்ஸ் என்ற டென்னசிப் பண்ணையில். 2017இல் வந்த பக்கவாதத்துக்குப் பிறகு சுற்றுப்பயணம் நின்றுபோனாலும், 2018லும் 2021லும் தொகுப்புகள் வெளிவந்தன. அந்தப் பண்ணையிலேயே கணவருக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

முதன்முறை கேட்பவர் எங்கிருந்து தொடங்கலாம்?

1966 முதல் 1973 வரை வந்த பாட்டுகளை, வெளிவந்த வரிசையிலேயே கேட்கப் பரிந்துரைக்கிறேன். 'யூ ஏயின்ட் வுமன் இனஃப்', 'டோன்ட் கம் ஹோம் எ-ட்ரிங்கின்', 'ஃபிஸ்ட் சிட்டி', 'கோல் மைனர்ஸ் டாட்டர்', 'ரேட்டட் எக்ஸ்' என்று போனால், ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான். ஒரு மாலைக்குள் முடித்துவிடலாம். பெரும்பாலான பாட்டுகளில் முதல் வரியிலேயே யாரிடம் பேசுகிறார் என்பது தெரிந்துவிடும். அதைப் பிடித்துக்கொண்டால் பேச்சுவழக்கு ஆங்கிலம் சிரமம் தராது.

அதன்பிறகு 'வேன் லியர் ரோஸ்' தொகுப்பில் உள்ள 'லிட்டில் ரெட் ஷூஸ்' பகுதிக்கு வரவேண்டும். சிறுவயதில் தமக்குக் கிடைத்த சிவப்புக் காலணியின் கதையை அதில் அவர் பாடுவதில்லை. வீட்டில் உட்கார்ந்து யாரிடமோ சொல்வதுபோல் பேசிக்கொண்டே போகிறார், பின்னணியில் இசை ஓடுகிறது. பன்றியை விற்று வாங்கிய காலணியைப் பற்றிப் பாடிய பாட்டையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டால், அவருடைய பாட்டுக்கும் பேச்சுக்கும் இடைவெளி எவ்வளவு குறைவு என்பது காதுக்கே தெரியும்.